தோலும் நகமும்



எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வழக்கு. அச்சிரசையும் அதன் கீழுள்ள உடம்பு முழுவதையும் ஒருசேரப் போர்த்துக் காத்து நிற்பது தோல் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்து அளக்கக் கூடுமாயின் அது ஏறக்குறைய 1.5 முதல் 2 சதுர மீற்றர் வரை இருக்கும். அதன் மேற்படை ஏறத்தாழ 4 வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றது. நகமும் தோலின் உறவே. கெரற்றின் என்னும் புரதம் இறுகித் தகடானதே நகம். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வளரும். கால்நகம் அதிற் பாதியளவே வளரும்.

ஈரலில் நோய் வந்தால் நமக்குத் தெரியாது. தோலிலோ நகத்திலோ வந்தால் கண் முன்னே தெரியும். அவ்வாறிருந்தும், நம்மவர் நெடுநாள் வைத்தியரிடம் காட்டாது வைத்திருக்கும் நோய்களுள் இவையே முன்னிற்கின்றன. அரிப்பைத் தருவதை நாணத்தால் மறைக்கின்றோம். அரிப்பும் வலியும் தராததை அலட்சியத்தால் மறக்கின்றோம். இவ்விரண்டு பிழைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நான் வைத்தியன் அல்லன், கலைப் பட்டதாரி, அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். எனினும் முப்பது ஆண்டுகளாகக் காலைதோறும் பிள்ளைகளின் கைகளையும் கால்களையும் பார்த்து வருபவன். கொப்பியை நீட்டும் கையில் நகச்சுற்று இருந்தால் அது ஆசிரியனுக்குத் தெரியாமற் போகாது. அந்த உரிமையைக் கொண்டும், வைத்திய நண்பர்களிடம் கேட்டும் கற்றும் அறிந்தவற்றைக் கொண்டுமே பேசுகின்றேன்.

எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை அறிந்தவர்கள் அதன் காலநிலையையும் அறிவார்கள். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று வீசி உடலை உலர்த்தும். வெயிலில் வியர்வை ஓயாது வழியும். ஐப்பசி பிறந்தால் மாரி, உடுத்தது உலராது. மீன்பிடித் தொழிலாளர் கால்கள் பொழுதெல்லாம் உப்பு நீரில். நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்வோர் கால்களும் அவ்வாறே. கந்தளாயிலும் மூதூரிலும் வயல் செய்வோர் கால்கள் சேற்றில். மீன் வெட்டும் பெண்களின் விரல்களுக்கு ஈரம் மாறும் வேளையே இல்லை. தோல் நோய்க்கு வெப்பமும் ஈரமும் இரு துணைவர். ஆகவே இங்கே இந்நோய்கள் மிகுதியாயிருப்பதில் வியப்பில்லை. வந்தவர் வெட்கப்படவும் காரணமில்லை.

முதலில் தேமலை எடுத்துக்கொள்வோம். மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளிறிய அல்லது சற்றே பழுத்த நிறமுள்ள புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று கலக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் மாப்போன்ற தூள் உதிரும். எல்லாருடைய தோலிலும் இயல்பாக வாழும் மலசீசியா என்னும் நுண்ணிய பங்கசு, வியர்வையும் எண்ணெய்ப்பசையும் மிகும்போது அளவு மீறிப் பெருகுவதால் இது உண்டாகின்றது. அழுக்கினால் வருவதன்று, ஒருவரைத் தொட்டதனால் மற்றவருக்கு ஒட்டுவதுமன்று. வைத்தியர் தரும் பூச்சு மருந்தால் பங்கசு சில வாரங்களில் அழியும். ஆனால் தோல் தன் பழைய நிறத்தைப் பெறச் சில மாதங்கள் செல்லும். அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணிப் பலர் மனம் சலிப்பர். இந்தத் தேமலைப் பற்றி நான் செய்த பிழை ஒன்றுண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

அடுத்தது படர்தாமரை. வட்டமாகப் படர்ந்து, ஓரம் சற்றே உயர்ந்து சிவந்து செதிள் விட்டு, நடுவே தெளிந்து காணப்படும். தொடை இடுக்கிலும் இடுப்பிலும் அக்குளிலும் அரிப்பு அதிகம். இதுவும் பங்கசினால் வருவதே. ஆனால் இது ஒட்டும். ஒருவர் துவாயை மற்றவர் துடைக்க, ஒருவர் சாரத்தை மற்றவர் உடுக்க, வீடு முழுவதும் பரவும். மாரிகாலத்தில் அரைகுறையாக உலர்ந்த உள்ளாடையை அணிவது இந்நோய்க்கு விருந்து வைப்பதாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். அரிப்புத் தாங்காமல் மருந்துக் கடைக்குச் சென்று, "ஏதாவது ஒரு களிம்பு தாருங்கள்" என்று வாங்கிப் பூசுவோர் பலர். அவ்வாறு கிடைக்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீரொயிட்டு என்னும் மருந்து கலந்திருக்கும். பூசிய இரண்டாம் நாளே சிவப்பும் அரிப்பும் அடங்கும். அடங்கியது நோயன்று, நோயின் அடையாளம் மட்டுமே. உடலின் எதிர்ப்பு அடக்கப்படுவதால் பங்கசு தடையின்றிப் பரவுகின்றது. வட்டம் உருமாறி, வைத்தியரே இனங்காண இயலாத நிலையும் வருகின்றது. சென்ற சில ஆண்டுகளாக இந்தியாவில் வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத படர்தாமரை பெருகியிருக்கின்றது. அதற்குக் காரணமான பங்கசு வகைக்கு 2020 ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் ரைக்கோபைற்றன் இந்தோற்றினியே என்று பெயரிட்டனர். அங்கு நோய் இவ்வாறு முற்றியமைக்கு இத்தகைய கலப்புக் களிம்புகளின் மிகுபயன்பாடும் ஒரு காரணம் என்று வைத்திய அறிஞர் கருதுகின்றனர். ஆகவே, வைத்தியர் குறித்த மருந்தையே பூசுங்கள். வட்டம் மறைந்த பின்னும் அவர் சொன்ன நாள் முடியும் வரை நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது சொறி சிரங்கு. இதற்குக் காரணம் பங்கசன்று. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிற்றுண்ணி. அரை மில்லிமீற்றரினும் சிறிய அப்பூச்சி தோலின் மேற்படையைத் துளைத்து முட்டையிடுகின்றது. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு என்பன அதன் இருப்பிடங்கள். இரவிலே அரிப்பு மிகும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அந்த ஒரு மாதமும் அவர் தம்மையறியாமலே பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகையால் அரிப்பவருக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. ஒரே வீட்டில் உறங்குவோர் யாவரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். இன்று பெரும்பாலும் தரப்படுவது பெர்மெத்ரின் களிம்பு. கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நகத்தின் அடியும் விடாமல் இரவிற் பூசிக் காலையிற் கழுவி, ஒரு வாரத்தின் பின் மீண்டும் ஒருமுறை பூசுவது வழக்கம். கைக்குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் வைத்தியரைக் கேட்டே எதையும் பூசவேண்டும். உடுத்த துணியையும் படுக்கை விரிப்பையும் சுடுநீரில் தோய்த்து நல்ல வெயிலில் உலர்த்துக. உண்ணி இறந்த பின்னும் அரிப்புச் சில வாரங்கள் நீடிக்கலாம். அதற்காக மருந்தை மேலும் மேலும் பூசித் தோலைப் புண்ணாக்கலாகாது.

"சிரங்குதானே" என்று இதனைச் சிறிதாக எண்ணுவோரும் உளர். சொறிந்த புண்ணிற் கிருமி புகுந்து சீழ் வைத்தால், சில பிள்ளைகளுக்கு அது சிறுநீரகத்தையே தாக்கும். முகம் வீங்கிச் சிறுநீர் தேநீர் நிறமாகப் போனால் ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2017 ஆம் ஆண்டிலே, கவனிப்பாரற்ற வெப்பமண்டல நோய்களின் வரிசையில் இச்சிரங்கையும் சேர்த்தது இதன் பெருமையை அன்று, இதன் கொடுமையை அறிந்தே.

இனி நகங்களுக்கு வருவோம். நகத்தின் ஓரம் சிவந்து வீங்கி விண்விண்ணென்று தெறிப்பது நகச்சுற்று. நகத்தைக் கடிப்பதாலும், ஓரத்தோலைப் பிய்ப்பதாலும், மீன் முள் குத்துவதாலும் கிருமி உட்புகுந்து உண்டாகின்றது. தொடக்கத்தில் இளஞ்சூடான நீரில் நாளுக்குச் சிலமுறை விரலை அமிழ்த்தி வைத்தால் பெரும்பாலும் தணியும். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலிற் செருகும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது எரிச்சலைச் சிறிது ஆற்றினும் ஆற்றலாம். உள்ளே கட்டிய சீழை வெளியேற்றாது. சீழ் தெரிந்தாலும், சிவப்பு விரலிலிருந்து கைக்கு ஏறினாலும், காய்ச்சல் கண்டாலும் வைத்தியரிடம் செல்வதே முறை. மீன் முள் ஆழக் குத்தியவர் ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் கேட்டறிதல் வேண்டும்.

நீரிலேயே கை வைத்திருப்போருக்கு நகச்சுற்று மாதக்கணக்கில் நீடிக்கும். நகத்தையும் தோலையும் இணைத்து அடைக்கும் மெல்லிய சவ்வு ஈரத்தால் அழிந்து, நீர் உள்ளே புகுவதே காரணம். இதற்கு ஈரத்தை நீக்குவதே முதல் மருந்து. வேலை முடிந்ததும் விரல்களை உலரத் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவுங்கள். இயன்றால் கையுறை அணியுங்கள். நகத்தின் ஓரத்தோலை அழகுக்காக வெட்டாதீர்கள்; அது வாயில்காப்போன் போன்றது.

கால்நகம் மஞ்சளித்துத் தடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது பங்கசாக இருக்கலாம். ஆனால் தடித்த நகமெல்லாம் பங்கசன்று. வேறு நோய்களிலும் நகம் அவ்வாறாவதுண்டு. ஆதலால் நகத்தைச் சுரண்டிப் பரிசோதித்த பின்னரே மாத்திரை உண்ணவேண்டும். மருந்து உண்டாலும் பழுதான நகம் மருந்தால் நல்ல நகமாக மாறாது. புது நகம் வளர்ந்து பழையதைத் தள்ளவேண்டும். கால்நகம் முழுவதும் மாற ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை செல்லும். பொறுமை இல்லாதவர் பாதியிலே நிறுத்திப் பலனை இழப்பர்.

நகம் உடலின் உட்செய்தியையும் சிலவேளை கூறும். கரண்டி போலக் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம். விரல் நுனி பருத்து நகம் வளைவது நுரையீரல், இருதய நோய்களில் உண்டு. நகத்தில் தோன்றும் சிறு வெள்ளைப் புள்ளி சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பது பிழையான எண்ணம்; அது பெரும்பாலும் நகத்தின் அடிவேர் எங்கோ இடிபட்ட அடையாளமே. எம்போன்ற கருநிறத்தாரின் நகங்கள் பலவற்றில் மங்கிய கபில நிறக் கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே ஒரு நகத்தில் கருங்கோடு புதிதாகத் தோன்றி நாளுக்கு நாள் அகன்றால் மட்டும் உடனே காட்டவேண்டும். அது அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும்.

குதிகால் வெடிப்பைப் பித்தவெடிப்பு என்கின்றோம். பித்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வறண்ட தோல் உடலின் பாரம் தாங்காது பிளப்பதே அது. இரவில் நீரில் ஊறவைத்துத் தேய்த்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெயேனும் வசிலினேனும் பூசிவந்தால் மாறும். நீரிழிவு உள்ளவர்களோ நாள்தோறும் பாதத்தைப் பார்த்தே உறங்கவேண்டும். அவர்களுக்குச் சிறு வெடிப்பும் பெரும்புண்ணாகலாம்.

எங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது கன்னியா வெந்நீரூற்றைக் கூறாமல் விடமுடியாது. ஏழு கிணறுகள்; ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. அந்நீராட்டினால் தோல் நோய் தீரும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. நீத்தாரை நினைந்து நீராடும் அவ்விடத்தின் புனிதத்தை நான் குறைத்துக் கூறேன். ஆனால் உண்ணியையும் பங்கசையும் கொல்லும் சூடு, மனிதத் தோல் தாங்கும் சூடன்று. வறண்டு அரிக்கும் தோலைச் சுடுநீர் மேலும் வறட்டும். கன்னியாவில் நீராடுங்கள், மருந்துக்கு வைத்தியரிடம் செல்லுங்கள்.

இப்பொழுது நான் கூறுவதாகச் சொன்ன பிழைக்கு வருகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கடற்கரைக் குடும்பமொன்றைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் 6 ஆம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தான். அவன் பெயரைச் சொல்லேன்; இவ்வேளை இதனைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும். அவனுடைய வலது முழங்கையின் அருகே வெளிறிய தழும்பு ஒன்று இருந்தது. பெற்றார் கூட்டத்துக்கு வந்த தாய் அதனைக் காட்டி, "சேர், இது என்ன, பாருங்கோ. கடிக்கவுமில்லை, நோகவுமில்லை" என்றார். நான் ஒரு கணம் பார்த்தேன். "தேமல்தான் அம்மா, பயப்படாதையுங்கோ" என்றேன். படித்தவன் சொன்னான் என்று அந்தத் தாய் நிம்மதியோடு சென்றார்.

மறு ஆண்டு 7 ஆம் வகுப்பிற் பாடசாலை வைத்திய பரிசோதனை நடந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவன் கையைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நூலால் அவ்விடத்தைத் தொட்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் தொட்டார், அப்பொழுதும் அவன் தொட்டதை உணரவில்லை. சிறுவிரலில் ஒரு சுட்ட காயம் இருந்தது. எப்பொழுது சுட்டது என்பதே அவனுக்குத் தெரியாது. வைத்தியசாலையிற் பரிசோதித்து, தொழுநோய் என்று உறுதி செய்தார்கள். தாய் சொன்ன அந்த இரண்டு சொற்களும் அன்று என் நினைவுக்கு வந்தன. கடிக்கவுமில்லை, நோகவுமில்லை என்று அவர் அடையாளத்தைச் சரியாகவே சொல்லியிருந்தார், கேட்டவனுக்கே விளங்கவில்லை.

தொழுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் நடுங்குகின்றது. அதற்கு வரலாறு காரணம். ஒல்லாந்தர் காலத்தில் 1708 இல் கொழும்புக்கு அண்மையில் எந்தளையில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை அமைந்தது. பிரித்தானியர் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவிலும் ஒன்று எழுந்தது. தீவையும் மதிலையும் கண்ட மக்கள், இந்நோய் வந்தவர் திரும்பார் என்றே எண்ணினர். ஆனால் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873 இலேயே இதன் கிருமியைக் கண்டறிந்துவிட்டார். இது சாபமுமன்று, முற்பிறப்புப் பாவமுமன்று. பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 1981 இல் பரிந்துரைத்தது. இலங்கையில் அது 1983 இல் தொடங்கியது. தழும்புகள் சிலவேயாயின் 6 மாதம், மிகுதியாயின் 12 மாதம் மருந்து உண்டால் நோய் முற்றாக நீங்கும். மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டில் இந்நாட்டிலே வானொலி, தொலைக்காட்சி வாயிலாக இந்நோயைப் பற்றிப் பெரும் இயக்கமொன்று நடத்தப்பட்டபோது, பலர் தாமாகவே வந்து தம் தழும்பைக் காட்டினர். சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. 1995 இல் இலங்கை, பத்தாயிரம் பேருக்கு ஒருவரினும் குறைவு என்னும் நிலையை எய்தியது. ஆனால் நோய் அற்றுப்போகவில்லை. அதன் பின்னும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்பட்டே வந்திருக்கின்றனர், அவர்களுட் பிள்ளைகளும் உளர்.

செய்தி பரவியதும் பெற்றார் இருவர் என் அலுவலகத்துக்கு வந்தனர். "அந்தப் பிள்ளையை வேறாக இருத்துங்கோ, இல்லையேல் எங்கள் பிள்ளைகளை நிற்பாட்டுவோம்" என்றனர். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஓராண்டுக்கு முன் நானும் அறியாதவனாகவே இருந்தேன் அல்லவா? அவர்களை இருத்தி, நான் செய்த பிழையையே முதலிற் சொன்னேன். சிகிச்சை தொடங்காத நாளிலே அவன் எல்லாரோடும் ஒரே வாங்கில் இருந்தான்; மருந்துண்ணும் இந்நாளில் விலக்குவது என்ன நியாயம் என்று கேட்டேன். ஒருவர் அமைதியாகச் சென்றார். மற்றவர் ஒரு வாரம் தம் மகனை அனுப்பவில்லை, பின்னர் அனுப்பினார். சிறுவன் தன் பழைய இடத்திலேயே இருந்தான். அவன் வீட்டாரும் பரிசோதிக்கப்பட்டனர். 6 மாதத்தில் மருந்து முடிந்தது; நோய் நீங்கியது. ஆனால் வலக்கைச் சிறுவிரலில் உணர்ச்சி முற்றாகத் திரும்பவில்லை. கிருமி அழிந்தாலும் அழிந்த நரம்பு எளிதில் மீளாது. அவன் எழுதும்போது அவ்விரல் சற்றே விலகி நிற்கும். அந்த விலகல் என் ஒரு சொல்லின் விலை என்பதை நான் மறந்ததில்லை.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது முதுகையும் கைகால்களையும் வெளிச்சத்திற் பாருங்கள். முதியோர்க்குத் தம் முதுகும் உள்ளங்காலும் தெரியா, அவற்றையும் பாருங்கள். வெளிறிய அல்லது சிவந்த தழும்பு இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நூலால் தொட்டுக் கேளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தாலும், அவ்விடம் வியர்க்காவிட்டாலும் நாளையே காட்டுங்கள். உணர்ச்சி இருந்தாலும், சில வாரங்களில் மாறாத தழும்பையும் ஆறாத கட்டியையும் காட்டுவதே நன்று. அரசாங்க வைத்தியசாலை எதிலும் வெளிநோயாளர் பிரிவிற் காட்டலாம். வேண்டின் அவர்களே தோல் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவர். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்கலாம்.

என் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். நம்மிடம் ஒரு தாய் பிள்ளையின் கையைக் காட்டினால், பெயர் சூட்டி அனுப்பாதீர்கள். "எனக்குத் தெரியாது அம்மா, வைத்தியரிடம் காட்டுங்கோ" என்பதில் இழுக்கில்லை. அன்று நான் சொல்லியிருக்கவேண்டியதும் அதுவே.